ஆளுக்குப் பாதி

நேர்க்கோட்டார், 1949–2017. ஊதியப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. பணிமனையில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. எங்கே தொய்வைக் கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. பள்ளி இறுதித் தேர்வில் முக்கோணவியலில் தொண்ணூற்றாறு வாங்கிய மதிப்பெண் பட்டியலைச் சட்டமிட்டு மேசைக்கு மேல் மாட்டியிருந்தார். சட்டத்தின் பின்கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டியதால் அது இருமுறை அறுந்தது. இருமுறையும் கயிற்றுக் கடைக்காரரே திருடர்.

கனப்பொருள் தூக்கும் பிரிவின் மேற்பார்வையாளர் பதவி அவருக்கு வாய்த்திருந்தது. சைன், கோசைன் அட்டவணைகளைத் தடுமாறாமல் ஒப்பிப்பார். அவை கயிற்றுக்கும் பொருந்துமோ என்ற ஐயம் மட்டும் அந்தத் தொண்ணூற்றாறுக்குள் நுழையவே இல்லை. அவருடைய இயற்பியல் ஒரே வாக்கியம்: "ரெண்டு கயிறு கட்டினா ஆளுக்குப் பாதி."

1994 ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. ஒரு டன் எடையுள்ள நீளமான பல்சக்கரப் பெட்டியை உயர்ந்த மேடையில் ஏற்ற வேண்டும். கூரை தாழ்வு. நீளக் கயிற்றில் கட்டினால் பெட்டி மேடையை எட்டாது. மேடையின் மேற்பலகையைக் கழற்றினால் எட்டும். அதற்கு அரை நாள் ஆகும். பதினொரு மணிக்கு வேலை முடியும் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டவர், கயிற்றைக் குறுக்கினார். தூக்குக் கொக்கியிலிருந்து பெட்டியின் இரு முனைகளுக்கும் போன இரு கயிறுகளும் பெட்டியின் மேல் ஏறத்தாழப் படுத்தே விட்டன.

கயிறு பிணைப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. பெட்டி எழும்பும்போது அதன் அடியில் நின்று திருப்பிவிட வேண்டியவரும் அவரே.

"அத்தான், கயிறு ரொம்பப் படுத்திருக்கு. பதினஞ்சு டிகிரிதான் வரும்."

"ஆளுக்கு அரை டன், மாப்ளே. ஒவ்வொண்ணும் ஒன்றரை டன் தாங்கும். மூணு மடங்கு காப்பு. கணக்குல நீ எவ்வளவு வாங்கினே?"

"முப்பத்தெட்டு."

"அதான் பயப்படுறே."

முப்பத்தெட்டு வாங்கியவர் வாதாடவில்லை. ஒரு வாளித் தண்ணீரை இரண்டு சுருள்வில் தராசுகளுக்கு நடுவே தொங்கவிட்டு, தராசுகளை இருபுறமும் விலக்கி இழுக்கச் செய்தார். வாளி பத்துக் கிலோ. விலக விலக, ஒவ்வொரு தராசும் ஐந்து, பத்து, பதினைந்து என்று ஏறியது.

"தராசு பழசு."

"ரெண்டும் ஒரே மாதிரியா பொய் சொல்லும், அத்தான்?"

சைன் பதினைந்து ஏறத்தாழக் கால். அந்தச் சாய்வில் கயிற்றின் இழுவையில் காற்பங்கே மேல்நோக்கித் தூக்கும். மற்றதில் பெரும்பகுதி, இரு கயிறுகளும் பக்கவாட்டில் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதிலேயே போய்விடும். அரை டன்னைத் தூக்க ஒவ்வொரு கயிறும் இரண்டு டன் இழுத்தாக வேண்டும். ஒன்றரையில் அறுந்துவிடும். மதிப்பெண் பட்டியலுக்குக் கீழேயே அமர்ந்திருந்தவருக்கு இது தெரியவில்லை.

"அடியில நிக்க மாட்டேன். வேற யாரையும் நிக்க விடவும் மாட்டேன்."

"அப்ப வேலை போகும்."

"போகட்டும். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நேர்க்கோட்டார் கீழ்ப்படியாமை அறிக்கையை அழகிய கையெழுத்தில் எழுதி, பணிநீக்கம் பரிந்துரைத்து ஒப்பமிட்டார். பின்னர் ஆளில்லாமலேயே தூக்கச் சொன்னார். பெட்டி தரையை விட்டு ஓரடி எழும்பியது. இடக் கயிறு அறுந்தது. கவிழ்ந்த பெட்டி, மைத்துனர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் தளத்தைப் பிளந்தது.

மேலாளர் ஒரே கேள்வி கேட்டார்: "ஆள் எங்க நிக்கணும்னு சொன்னீங்க?"

நேர்க்கோட்டார் பிளவைப் பார்த்தார். மேலாளர் கிழித்த அறிக்கை குப்பைக்கூடைக்குப் போயிற்று. நேர்க்கோட்டார் வாயிற்பதிவேடு எழுதும் வேலைக்குப் போனார். ஓய்வு பெறும் நாள்வரை அறுந்த கயிறு மட்டரகம் என்றே சொல்லிவந்தார்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டுத் துணிக்கொடி கிடைத்தது. நனைந்த கம்பளிகளைப் போட்டதும் தொய்ந்த அதைக் கண்டவர், துணிகளோடே இழுத்துச் சமமாக்கினார்.

"விடுங்க, தம்பி அன்னிக்கே சொன்னான்ல?" என்றார் மனைவி உள்ளிருந்து.

கொக்கி சுவரின் காரையோடு பெயர்ந்து வந்தது. அதைப் பதித்த கொத்தனாரை அவர் அயோக்கியன் என்று திட்டியது 2017 பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை.