பதின்மூன்றாம் ஸ்தலம்

பெரிய வெள்ளியன்று கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள். மரப்பலகையைத் தட்டித்தான் கூப்பிடுவார்கள். இதோ, அந்தச் சத்தம் கேட்கிறது. எழுபதைத் தாண்டிய நான் மறுபடி பாவாடை கட்டிய சிறுமியாகிவிடுகிறேன்.

1930களில் எங்கள் குடிசை சாந்தோம் குப்பத்தில் இருந்தது. ஈர வலையின் உப்பு வாடையும் கோயில் சாம்பிராணியும் அங்கே சேர்ந்தேதான் வீசும். மீன் விற்கும் அம்மா, கூடையைத் தலையில் ஏற்றும்போதுகூட மாதாவோடு பேசிக்கொண்டே ஏற்றுவாள். ஒரு புயலில் அண்ணன் சூசையைக் கடல் கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை.

அந்த வருஷப் பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதையில், கோயில் சுவரில் வரிசையாக இருக்கும் இயேசுவின் பாடுகளின் படங்களுக்கு முன் ஸ்தலத்துக்கு ஸ்தலம் முழங்காலிட்டு வந்த அம்மா, மாதா மகனுடைய உடலை மடியில் ஏந்தியிருக்கும் பதின்மூன்றாம் படத்துக்கு முன் மட்டும் விறைப்பாக நின்றாள்.

"நீயாவது புள்ளய மடில போட்டு அழுத. எனக்கு அதுகூடக் குடுக்கலியே!" என்று சண்டைக்காரியைப் போலக் கத்தினாள். வெள்ளைக்காரச் சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டார்.

மழைக்காலத்தில் யாரோ ஒரு வாலிபனின் உடல் கரை ஒதுங்கியது. எல்லோரும் எட்டி நின்றார்கள். அம்மா கூடையை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, யாரு இன்னான்னு தெரியாம ஏன் தொட்ற?" என்றாள் சித்தி.

"இவனப் பெத்தவ எங்கியோ தேடிக்கினு கீறா. அவளுக்கோசரம் நான் அழுவுறேன்."

அடுத்த பெரிய வெள்ளியன்று அதே படத்துக்கு முன் அம்மா முழங்காலிட்டாள். "எனக்கும் குடுத்துட்ட, தாயே" என்றாள் மெதுவாக.

பலகைச் சத்தம் ஓய்வதற்குள் கிளம்ப வேண்டும். யாராவது ஒருத்தி இன்றும் அந்தப் படத்தின் முன் முழங்காலிடாமல் நின்றிருப்பாள். அவள் பக்கத்தில் போய் நிற்கலாம்.