கதவில் எழுதிவிட்டுப் போனவர்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் மட்டும்தான். அந்தப் பெருமையோடு, மறுநாள் பல்கலைக்கழக வகுப்பில் பேச வேண்டியதை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் மோர்னிங்சைட் வீட்டுச் சமையலறையில் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் காட்டினேன். நானூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் ரோனோக் தீவில் குடியேறிய ஆங்கிலேயரைத் தேடி அவர்களின் தலைவர் கப்பலில் திரும்பி வந்தபோது ஒருவரும் இல்லை. ஒரு மரக்கம்பத்தில் வேறொரு தீவின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. அவர் அந்தத் தீவுக்குப் போகாமலே திரும்பிவிட்டார். நான் வைத்த தலைப்பு, ‘விளங்காத மர்மம்’.

“உதில என்ன மர்மம்?” என்றார் அம்மா. “போற இடத்தை எழுதிப்போட்டுத்தானே போயிருக்கினம். சண்டைக்க இடம்பெயரேக்க, அப்பா வீட்டில இல்லாதபடியால் நானும் ஒராளைக் கொண்டு கதவில கரியால எழுதுவிச்சனான்.”

“அப்பா வந்து பாத்தவரோ?”

“பாத்தவர். வாசிக்கத் தெரிஞ்சால்தானே.”

அப்பா சிரித்தார். “ஆரோ பெடியள் கிறுக்கினது எண்டு நினைச்சன். முகாம் முகாமா அலைஞ்சுதான் கொம்மாவைப் பிடிச்சனான். உன்ர தலைவர் வாசிச்சுப்போட்டும் ஏன் போகேல்லை?”

“புயலாம். கப்பல் திரும்பிட்டுது.”

“பிறகு?”

குறிப்புகளைப் புரட்டினேன்; அதற்குப் பிறகு அவர் அங்கே போனதாக ஒரு வரியும் இல்லை. இருப்புக்கொள்ளாமல் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். கடைசியில் அந்தத் தலைப்பை அழித்துவிட்டு, ‘ஏன் போய்ப் பார்க்கவில்லை?’ என்று எழுதினேன். இனிப் பேச்சு முழுவதையும் மாற்ற வேண்டும்.