வறண்டது என்று எழுதினேன்

டாக்குரியா ரயில் நிலையச் சாலைக்கு அடியில் உள்ள கேபிள் குழியின் எர்த் சோதனைத் தாளில், அப்போது மின் நிறுவனப் பொறியாளனாக இருந்த நான், ஒரு பொய் எழுதினேன். 'நிலத்தின் நிலை' என்ற கட்டத்தில், கொட்டும் மழையில் நின்றுகொண்டு, 'வறண்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பழி இன்னொருவர்மேல் விழுந்தபோது வாய் திறக்கவும் இல்லை.

அந்த இன்னொருவர் நிலத்தடிக் கேபிள்களை இணைப்பவர். கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்த தமிழர். வங்காளிகள் அவரை ஜாயின்டர்தா, அதாவது ஜாயின்டர் அண்ணா, என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். குழியின் மூடிச் சட்டம், தாங்கிகள், கேபிள் உறை எல்லாம் செம்புப் பட்டையால் எர்த் கம்பியோடு இணைந்திருக்க வேண்டும். பழுது வந்தால் மின்சாரம் மனித உடம்பில் பாயாமல் மண்ணில் இறங்குவதற்காக. ஈரமண் அதை எளிதில் வாங்கிக்கொள்ளும் என்பதால் வறண்ட காலத்தில்தான் அளக்க வேண்டும். எங்களுக்கோ துர்கா பூஜைக்குள் இணைப்புக் கொடுத்தாக வேண்டும்.

"இந்த மழைல அளந்தா நம்ம செருப்புகூடப் பாஸ் ஆயிடும் சார். சைத்ர மாச வெயில்ல வந்து அளங்க," என்றார்.

"அதுவரைக்கும் பூஜை காத்திருக்குமா ஜாயின்டர்தா?" என்று சிரித்தேன்.

அடுத்த சைத்ரத்தில், பங்குனி வெயிலில் மண் காய்ந்து கிடந்தபோது, கேபிள் பழுதானது. சட்டத்தைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த அவரை மின்சாரம் தூக்கி எறிந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் நான் அந்தத் தாளை நீட்டினேன். எர்த் சரி, தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். அவர் அந்த ஒரு சொல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓய்வுபெறும்வரை ஸ்டோரில் ஆணியும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சென்ற ஆண்டுதான், எழுபத்தெட்டு வயதில், எல்லாவற்றையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். நகலோடு காளிகாட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே படித்தார்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம் சார். முதல்ல அந்தக் குழிய அளக்கச் சொல்லுங்க. இன்னும் ஆளுங்க இறங்கிட்டுத்தான் இருக்காங்க."

இந்தச் சைத்ரத்தில், தார் இளகும் வெயிலில், இப்போதைய தலைமைப் பொறியாளர் அம்மையார் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே அளந்தார். எர்த்தின் மின்தடை வரம்பைத் தாண்டி எங்கோ நின்றது. அவர் ஜாயின்டர்தாவைப் பார்த்துக் கைகூப்பினார். அந்த வாரமே 'கவனக்குறைவு' பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மழைக்கால அளவுகள் இனிச் செல்லாது, அப்படித் தேறிய குழிகளை மறுபடி அளக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

டாக்குரியா குழியில் புதிய எர்த் கம்பிகள் இறங்கின, புதுச் செம்புப் பட்டை பளபளத்தது. மறு அளவில் மின்தடை வரம்புக்கு வெகு கீழே நின்றது. அம்மையார் தாளை ஜாயின்டர்தாவிடம் கொடுத்தார். டீக்கடை நாற்காலியில் அமர்ந்து, மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்து, அதே கட்டத்தில் 'வறண்டது' என்று நிதானமாக எழுதினார். காய்ந்த புழுதி அவர் வேட்டியெல்லாம் படிந்திருந்தது. பிறகு, சாட்சிக் கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"போடுங்க சார். இந்தத் தடவ செருப்பு ஃபெயில்."