நூறு கிலோமீட்டரைத் தின்ற மீட்டர்

எழுபதுகளில் நான் கொல்லங்கோட்டில் ஒரு தேங்காய் மண்டி லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி, பொள்ளாச்சி வழியாகக் கோயமுத்தூர் போய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பினால் நூற்று அறுபது கிலோமீட்டர். மண்டி முதலாளி வண்டி கிளம்பும்போது ஒரு தடவை, வந்து நின்றதும் ஒரு தடவை, கேபினுக்குள் தலையை நீட்டி மீட்டரைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்து டிரைவர்களில் பாதிப் பேர் மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டுச் சொந்தச் சவாரி அடித்தவர்கள்தான். நான் அடித்ததில்லை. எனக்குக் கோபம் உண்டு, திருட்டுப் புத்தி கிடையாது.

ஒரு நாள் வழக்கமான நடை போய் வந்து நிறுத்தினேன். அறுபதுதான் ஓடியதாக மீட்டர் காட்டியது. நூறைக் காணோம். சொந்தச் சவாரிக்குக் கழற்றிய கேபிளை நேரத்தோடு மாட்டவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். மெக்கானிக் கேபிளை இழுத்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடியும் அதே நூறு காணாமல் போயிற்று. முதலாளி சத்தம் போடவில்லை. சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார்.

எனக்கு வந்ததே ஆத்திரம்.

“செய்யாத தப்புக்கு நான் எதுக்குங்க கற்பூரம் அணைக்கோணும்? மாட்டனுங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் சத்தியத்துக்கு மறுத்தவன் குற்றத்தை ஒப்புக்கொண்டவன்தான். தெரிந்தும் வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷ வேலையை முடித்திருந்தால் பிள்ளைகள் சோற்றில் மண் விழாதே என்று கேட்டாள்.

மறுநாள் புதன்கிழமை. முதலாளி சாவியைத் தந்து, தானும் கேபினில் ஏறி உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் கூடவே வருவதாகவும், அதுவரை மீட்டர் ஒழுங்காக ஓடினால் தப்பு என் மேல்தான், நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பாழாய்ப்போன மீட்டர் அவர் முன்னால் புது மருமகள் மாதிரி அடக்கமாக ஓடியது. புதன் சரி, வியாழனும் சரி. தன் வண்டி கெட்டுப்போக வேண்டும் என்று எந்த டிரைவராவது சாமி கும்பிட்டிருப்பானா? நான் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை திரும்பும்போது கோவிந்தாபுரத்தைத் தாண்டியிருந்தோம். மீட்டரின் கடைசி மூன்று எண்கள் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பதில் இருந்தன. அடுத்து தொள்ளாயிரம் வர வேண்டும். ஒன்பதுகள் இரண்டும் பூஜ்யமாகப் புரண்டன. எட்டு மட்டும் அசையவே இல்லை. திரும்பவும் எண்ணூறு. உள்ளே அந்த எண்ணைத் தள்ளும் சக்கரத்தின் பல் தேய்ந்துபோய், சில நேரம் பிடித்தும் சில நேரம் வழுக்கியும் இத்தனை நாள் என் மானத்தோடு விளையாடியிருக்கிறது.

முதலாளி நிறுத்தச் சொன்னார். ஓரங்கட்டினேன். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அவ்வளவு நிம்மதி. அவரைத் திட்ட மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

அவர் முகம்தான் செத்துப்போயிருந்தது.

“உனக்கு முன்னால ஓட்டுனவன் கற்பூரம் அணைச்சாம்ப்பா. அடுத்த மாசமே மறுக்காவும் நூறு கொறஞ்சுது. பொய்ச்சத்தியம் பண்ணீட்டான்னு ஊருக்கெல்லாஞ் சொல்லி நிறுத்துனேன்” என்றார்.

நானும் அணைத்திருந்தால் எனக்கும் அதே கதிதான். என் வீம்பு என்னைக் காப்பாற்றியிருந்தது.

வண்டியை அப்படியே கஞ்சிக்கோட்டுக்கு விடச் சொன்னார். அந்த டிரைவர் அங்கே ஒரு கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கேட் வாசலில் முதலாளி கையைக் கூப்பியபடி நடந்ததையெல்லாம் சொன்னார், திரும்பி வரச் சொல்லியும் கேட்டார். அவர் வந்துவிட்டால் என் கதி என்ன என்று பயந்தேன். அந்த டிரைவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“வேண்டாமுங்க. இந்த வேன்ல மீட்டரே ஓடறதில்லீங்க, ஆரும் எட்டிப் பாக்கறதுமில்லீங்க” என்றார்.

நான் மூச்சு விட்டேன். அவர் சிரிப்பு நின்றிருந்தது.

“ஊருக்குச் சொல்றது அப்பறம் இருக்கட்டுங்க. மொதல்ல எங்கூட்டுக்காரிகிட்டச் சொல்லுங்க. அவளும் நம்புலீங்க.”

முதலாளி அவர் வீட்டுக்கு வழி கேட்டார்.