அண்ணனின் ஈமெயில்

மகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டிச் சிரித்தாள். ஈமெயில் வந்திருக்கிறது என்றதும், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கைவிட்டு அதைத் தேடித் துழாவுகிறார். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூரில் இருந்தோம். அப்பாவுக்குப் பட்டு ஆலையில் வேலை. மஸ்கட்டில் இருந்த அண்ணன் ஈமெயில் போடுவான். அப்பாவை நான்தான் பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப் போவேன். ஊதுபத்தி வாசனையும் ஏசியின் ஈர வாடையும் கலந்த சின்ன அறை. நான் வாசித்துக் காட்டினாலும் அப்பா நம்பமாட்டார்.

"யாரு வேணா தட்டி அனுப்பலாம்மா. இது அவன்தான்னு என்ன நிச்சயம்?"

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தது. கார் விபத்தில் அண்ணன் இறந்துவிட்டான். காரியமெல்லாம் முடிந்து, அவன் நண்பர்களுக்குத் தகவல் எழுத அதே சென்டருக்குப் போனோம். விபத்துக்கு முந்தின நாள் அவன் அனுப்பிய மெயில் திறக்கப்படாமல் இருந்தது. தசராவுக்கு வருவதாக எழுதியிருந்தான்.

அப்பா என் கையைப் பிடித்தார். "ஹௌதா? நெஜமாவா? வர்றானாமா?"

"அது முன்னாடி எழுதினதுப்பா."

"இப்பத்தானே வந்திருக்கு! பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்னு பதில் போடு."

போட்டேன். தசரா நாட்களில் ஊரே அரண்மனை விளக்குகளைப் பார்க்கப் போனது. அப்பா பெங்களூர் பஸ்கள் வந்து நிற்கும் இடத்தில் நின்றார். அவரைக் கூட்டிவரப் போன நானும், ஒவ்வொரு பஸ்ஸிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஈமெயில்னா தாத்தா நம்பவே மாட்டாருன்னு சொல்வியே, அவரும் இப்படித்தானாம்மா?" என்று மகள் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"இல்லடி. தாத்தா ரொம்ப நம்பினார்" என்றேன்.