மூஞ்சி வக்கீல்

எதிரே உட்கார்ந்திருப்பவர் பேனாவைத் திறந்தால் போதும், கோகிலவாணி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். சேலைத் தலைப்பில் அதை அழுத்தித் துடைப்பார். மறுபடி மாட்டிக்கொண்டு முதலில் அந்த ஆளின் முகத்தைப் பார்ப்பார், பிறகு கையைப் பார்ப்பார். அதுவரை பேனா காகிதத்தில் படக் கூடாது. அவசரக்காரர் யாராவது முந்திக்கொண்டு கிறுக்கிவிட்டால், "நான் பாக்கலீங்க, இன்னொருக்கா போடுங்க" என்று காகிதத்தைத் திருப்பி நகர்த்துவார்.

காரிமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடைக்கு மேல்மாடியில் அவருடைய அலுவலகம். பகலெல்லாம் தருமபுரி நீதிமன்றம், மாலையில் இங்கே. மேசை இழுப்பறையில் சட்டப் புத்தகத்தோடு அவித்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கும். "வாய் சும்மா இருந்தா கை ஓட மாட்டேங்குதுங்க" என்பார். எதிர்த்தரப்பு வக்கீல் வந்தாலும் ஒரு பிடி கடலை உண்டு. உரிப்பது மட்டும் அவரவர் பாடு.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டில் யாருக்கு நன்றாக எழுத வருகிறதோ, மொத்தக் குடும்பத்துக்கும் அந்தக் கைதான். அண்ணனுக்குத் தம்பி கையெழுத்துப் போடுவான், மாமியாருக்கு மருமகள் போடுவாள், யாரும் அதைத் தப்பென்று நினைப்பதில்லை. ஒரு நாள் பெரியம்மாள் என்பவர் தன் கணவர் மாதுவின் பத்திரத்தோடு வந்தார்.

"அவரு பெங்களூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிருக்காருங்க மேடம். நான் போட்டா அவரு போட்டாப்பலயே இருக்கும், பாக்கறீங்களா?" என்று ஒரு வெள்ளைத்தாளை இழுத்து மாதுவின் கையெழுத்தை அழகாகப் போட்டும் காட்டிவிட்டார்.

கோகிலவாணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவரே போட்டாக்கூட இத்தன நல்லா வராதுங்க. ஆனா மொதல்ல மூஞ்சி, அப்பறம் கையி, கடசீலதான் எங்கையெழுத்து. ஆள வரச் சொல்லுங்க."

"அவரு வேற, நான் வேறங்களா?"

"வூட்டுல ஒண்ணுதான். காயிதத்துல வேறங்க."

அடுத்த சந்தைக்கு மாது வந்தார். அவர் போட்டது நிஜமாகவே மனைவி போட்டதைவிடக் கோணலாகத்தான் இருந்தது. 'என் முன்னிலையில் கையெழுத்திட்டார்' என்று அதன் கீழே கோகிலவாணி தன் பெயரைப் போட்டபோது அந்தக் கோணலும் அவருக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கறாருக்கு ஊர் வைத்த பெயர்தான் மூஞ்சி வக்கீல். அவர் காது படவே சொல்வார்கள். "மூஞ்சி இல்லாத வக்கீலுன்னு சொல்லலியே, விடுங்க" என்று அவரும் கடலையை உரித்து வாயில் போட்டுக்கொள்வார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது, நோட்டரி ஆக வேண்டும் என்று. பத்திரங்களுக்குச் சான்று முத்திரை வைக்க அரசாங்கம் பார்த்துக் கொடுக்கும் அந்தஸ்து அது. கறுப்புக் கோட்டு மாட்டிய எல்லாருக்கும் கிடைத்துவிடாது. பத்து வருடம் வக்கீல் தொழில் பார்த்திருக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் ஏழு வருடம். கோகிலவாணி ஏழு முடிந்து, பத்தும் தாண்டி, ஆற அமரத்தான் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். "ஆடு மேய்க்கற பொம்பள ஒரு சீலுக்காவ தருமபுரிக்கு பஸ் ஏறிப் போவணுமா? இங்கயே நான் இருக்கறப்ப?" என்றார். கிடைக்குமா கிடைக்காதா என்ற சந்தேகமே அந்தப் பேச்சில் இல்லை.

விண்ணப்பத்தில் தான் மட்டும் கையெழுத்திட்டால் ஆகாது. ஒரு மாஜிஸ்திரேட், ஒரு வங்கி மேலாளர், ஒரு வியாபாரி, உள்ளூர்ப் பெரிய மனிதர் இருவர், இத்தனை பேரும் போட வேண்டும். அதற்குப் பிறகும், யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். எல்லாரிடமும் வாங்கியாகிவிட்டது, வியாபாரி மட்டும் பாக்கி.

"நம்ம மளிகைக்கடைக்காரர்கிட்ட வாங்கிடு. கண்ண மூடிட்டுப் போடுவாரு" என்றார் கணவர் சந்திரமோகன். பள்ளிக்கூட வாத்தியார், வம்புதும்பு பிடிக்காத மனிதர்.

"கண்ண மூடிட்டுப் போடற கையெழுத்து எனக்கு எதுக்குங்க? நான் நூர் பாஷா பாய்கிட்ட கேக்கப் போறேன்."

சந்திரமோகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேலியில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்காத. போட மாட்டேன்னாக்கூடப் பரவால்ல. கோவத்துல ஆட்சேபணைன்னு எழுதிப் போட்டுட்டார்னா? உன் நோட்டரி அத்தோட போச்சு."

அவர் பயந்ததிலும் நியாயம் இருந்தது. நூர் பாஷா தேங்காய் மண்டிக்காரர், ஊரில் செல்வாக்குள்ளவர். முன்பு மண்டி வழக்குகள் எல்லாம் கோகிலவாணியிடம்தான் வந்துகொண்டிருந்தன. அப்போது பாஷாவின் அண்ணன் பக்கவாதம் வந்து ஓசூரில் மகன் வீட்டில் இருந்தார். ஒரு பத்திரத்தில் அண்ணனின் கையெழுத்தை அங்கேயே வாங்கிக்கொண்டு வந்து, கீழே கோகிலவாணியின் கையெழுத்தைக் கேட்டார் பாஷா. கோகிலவாணி மறுத்துவிட்டார். "நான் ஓசூருக்கு வரேன் பாய், அவரு மூஞ்சியப் பாத்துட்டுப் போடறேன்" என்று சொல்லியும் பாஷாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"எங்கண்ணன் கையெழுத்த நான் திருடிட்டா வந்தேன்? நீ ஒண்ணும் வர வேணாம். அவர நானே தூக்கிட்டு வரேன், பாத்துக்க!"

சொன்னபடி மறுநாளே காரில் கொண்டுவந்து நிறுத்தினார். கோகிலவாணி மாடியிலிருந்து இறங்கிப் போய், கார் ஜன்னலோரம் நின்று, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, அந்த நடுங்கும் கை மறுபடி கையெழுத்திடுவதைப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போட்டார். "இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிப் போன பாஷா, அதன் பிறகு மண்டி வழக்கு எதையும் இந்தப் பக்கம் அனுப்பவே இல்லை.

அந்த மனிதரிடம்தான் இப்போது விண்ணப்பத்தோடு போனார். மண்டியில் தேங்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள். கோகிலவாணி வந்த காரியத்தைச் சொன்னார்.

"ஊர்ல வேற யேவாரியே கெடைக்கலியா?" என்றார் பாஷா.

"கெடைச்சாங்க பாய். எங்கையெழுத்து எப்படின்னு அவங்க யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பாஷா ஒரு தேங்காயைக் காதோரம் ஆட்டிப் பார்த்துக் கீழே வைத்தார்.

"அன்னிக்குக் கார் திரும்பிப் போறப்ப இங்க நின்னுச்சும்மா. அண்ணன் இதே எடத்துல ஒக்காந்து எளநி குடிச்சாரு. பழைய ஆளுங்க அத்தன பேரும் வந்து கையப் புடிச்சிப் பேசுனாங்க. அதுக்கப்பறம் அவரு ஊருப் பக்கம் வரவே இல்ல, ஓசூர்லயே மௌத்தாயிட்டாரு." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ போட்டுக் குடுத்திருந்தீன்னா நான் அவர இட்டாந்திருக்க மாட்டேன். இத உங்கிட்டச் சொல்லணும்னு நெனப்பேன். வாசப்படி மிதிக்க மாட்டேன்னு வாய வுட்டுட்டனே, எப்படி வர்றது?"

கோகிலவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. விண்ணப்பத்தை நீட்டினார். பாஷா அதை வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "நல்லவேள நேர்ல வந்த. ஆள வுட்டு அனுப்பியிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்று சிரிக்கவும் செய்தார்.

ஆட்சேபணை எதுவும் வரவில்லை. மாதங்கள் ஓடி, ஒரு வழியாகச் சான்றிதழ் வந்தது. பெயரும் பதவியும் பொறித்த வட்ட முத்திரையும் செய்தாயிற்று. முதல் நாள் மாலை அலுவலகத்தில் பூமாலை, கேசரி, நாலைந்து கட்சிக்காரர்கள். முதல் முத்திரை யாருக்கு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே மண்டியின் லோடு ஆட்டோ ஓட்டும் குப்புராஜ் படியேறி வந்தார். கையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். கீழே பாஷாவின் கையெழுத்து ஏற்கெனவே போட்டிருந்தது.

"பாய்க்குக் கால் வீங்கிக் கெடக்குதுங்க மேடம், நடக்க முடியல. மொத சீலு நம்மளுதா இருக்கணுமாம். வாங்கியாரச் சொன்னாரு."

அறையே கோகிலவாணியைப் பார்த்தது. சந்திரமோகன் குனிந்து, "அவரு போட்ட கையெழுத்துலதான் நீ நோட்டரியே ஆன. யோசிச்சுக்க" என்று கிசுகிசுத்தார்.

"அதுக்குத்தாங்க போறேன்" என்றார் கோகிலவாணி. முத்திரையையும் மைப்பெட்டியையும் பதிவேட்டையும் கைப்பையில் போட்டார். கேசரி ஒரு டப்பாவில் ஏறியது. ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நேரே மண்டிக்குப் போய் இறங்கினார்.

காலை முக்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்த பாஷா அவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். "சத்தியமா நான் போட்டதுதாம்மா அது!"

"தெரியும் பாய். இன்னொருக்கா போடுங்க."

பாஷா சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "இருங்க" என்றார் கோகிலவாணி. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.