தேக்கைத் தின்ற கறையான்

எங்கள் வேதப் பெட்டியின் பெருமையை லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் என்னளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. தாத்தாவின் அப்பா நாகர்கோவிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பெட்டி அது. குடும்பத்தின் பழைய வேதாகமம் அதற்குள் இருந்தது. சனிக்கிழமைதோறும் எண்ணெய் தடவித் துடைப்பது என் வேலை. "அசல் தேக்கு. கறையான் கிட்டயே வராது" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கு எட்டு வயது. அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். பதினெட்டு நிறைந்த ஆண்களின் பெயர்களை எழுதிக்கொள்ளத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் வீடு வீடாக வந்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் லாரி நின்றது. அருகில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். முதலில் போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. என் அண்ணனுக்குப் பத்தொன்பது.

"பதினாறுதாங்க ஆவுது," என்றார் அம்மா.

கிராணியார் அண்ணனின் மீசையைப் பார்த்தார். "வேதக்காரவுங்க பொறந்த தேதியெல்லாம் வேதத்துல எழுதி வைப்பீங்கல்ல? எடுத்துட்டு வாங்க. தப்பா எழுதுனா என் தலை போயிடும் லா."

அப்பா அசையவில்லை. நான்தான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து திறந்தேன். வேதாகமத்தில் எங்கள் பிறந்த தேதிகள் எழுதியிருந்த முதல் தாளைக் காணோம்.

"கறையான் தின்னுடுச்சு," என்றார் அப்பா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இது தேக்குப்பா! கறையான் வராதுன்னு நீங்கதானே சொல்வீங்க? போன ஞாயித்துக்கெழமகூட அந்தத் தாள் இருந்துச்சே!"

அம்மாவின் முகம் வெளுத்தது. கிராணியார் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு வேதாகமத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.

"இந்த ஊரு கறையான் தேக்கயும் திங்கும் பாப்பா," என்று சொல்லிவிட்டு, "பதினாறு" என்று வாய்விட்டுச் சொன்னபடியே எழுதினார்.

அன்று மாலைக் குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த வேதத் தமிழில் உரக்கச் சொன்னேன்: "ஆண்டவரே, பொய்யுரைத்த எங்கள் தகப்பனாரையும், மரத்தைப் பற்றி ஒன்றும் அறியாத கிராணியாரையும் மன்னித்தருளும்."

அண்ணன் விம்மினான். அப்பா "ஆமென்" என்றார். குரல் உடைந்து இன்னொரு முறையும் சொன்னார். மனம் திருந்திவிட்டார் என்று எனக்கு ஒரே திருப்தி. கிராணியாரை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. பெரியவளானதும் அவருக்கு மர வகைகளைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.